துணையும் பாதுகாவலும்: இந்தியச் சட்டத்தில் மாற்றுத்திறனாளிகளின் முடிவெடுக்கும் உரிமை

முன்னுரை

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர் கூடும் இடங்களிலெல்லாம் “எங்களுக்கு அப்புறம் இவனை யார் பார்ப்பார்கள்?” என்ற கேள்வி எழும். 1999-இல் நாடாளுமன்றம் இயற்றிய தேசிய அறக்கட்டளைச் சட்டம் இந்தக் கவலைக்கு அளித்த விடை, பாதுகாவலர். பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைந்த பிறகும் அவருடைய நலனையும் சொத்தையும் கவனிக்க ஒருவரைச் சட்டப்படி நியமிக்கலாம் என்றது அச்சட்டம். 2016-இல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் கேள்வியையே மாற்றிப் போட்டது. அவரை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்பதற்கு முன்னால், அவர் தம் முடிவைத் தாமே எடுக்க யார், எப்படித் துணை நிற்பது என்று கேட்டது.

இரண்டு சட்டங்களும் இன்று ஒருசேர நடப்பில் உள்ளன. ஆனாலும் வங்கிக் கணக்கு, குடும்ப ஓய்வூதியம், பாகப்பிரிவினை என்று எது வந்தாலும் குடும்பங்கள் பாதுகாவலர் சான்றிதழைத்தான் தேடிப் போகின்றன. இதற்குச் சமூக மனப்பான்மையையும் விழிப்புணர்வின்மையையும் காரணம் காட்டுவது வழக்கம். அவற்றுக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது. எனினும் முதன்மையான காரணம் சட்டத்தின் அமைப்பிலேயே உள்ளது என்பது இக்கட்டுரையின் வாதம். பாதுகாவலுக்கு ஒரு விண்ணப்பத்தையும் விசாரிக்க ஒரு குழுவையும் முத்திரையிட்ட சான்றிதழையும் சட்டம் தந்திருக்கிறது. துணைக்கோ உரிமையை மட்டும் தந்துவிட்டு, அதற்கொரு வடிவத்தைத் தராமல் விட்டுவிட்டது. அந்த வடிவத்தை அமைக்க வேண்டிய கருவிகளில் பல இந்தியச் சட்டத்துக்குள்ளேயே, சில 1872 முதலே, கிடக்கின்றன என்பது இதன் தொடர்ச்சியான வாதம்.

உடன்படிக்கை கேட்பது என்ன?

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 2006 டிசம்பரில் ஏற்கப்பட்டது. இந்தியா அதற்கு 2007 அக்டோபர் 1 அன்று ஒப்புதல் அளித்தது. அதன் 12-ஆம் உறுப்பு, மாற்றுத்திறனாளிகள் வாழ்வின் எல்லாத் துறைகளிலும் பிறரோடு சமமான சட்டத் திறன் உடையவர்கள் என்கிறது. அத்திறனைப் பயன்படுத்தத் தேவையான துணையை அவர்களுக்குக் கிடைக்கச் செய்வது அரசின் கடமை. அந்தத் துணை அத்துமீறலாக மாறாமலிருக்கக் காப்புகளை அமைப்பதும் அரசின் கடமையே.

2014-இல் உடன்படிக்கைக் குழு வெளியிட்ட முதலாம் பொதுக் கருத்துரை இதை விரித்துரைத்தது. மனத்திறன் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே ஆளுக்குக் காலையும் மாலையும் வேறுபடும். சட்டத் திறன் அப்படிப்பட்டதன்று. அது உரிமைகளைப் பெற்றிருக்கவும் அவற்றைக் கொண்டு செயல்படவும் மனிதருக்கு உள்ள தகுதி. முதலாவதில் குறை கண்டு இரண்டாவதைப் பறிக்கக் கூடாது என்பது கருத்துரையின் சாரம். ஒருவரின் விருப்பத்தை எவ்வளவு முயன்றும் அறிய முடியாதபோதும் ‘அவருக்கு எது நல்லது’ என்று பிறர் தீர்மானிப்பது சரியான அளவுகோல் ஆகாது. அவருடைய விருப்பமும் தெரிவும் என்னவாக இருக்கும் என்று இயன்றவரை பொருள்கொள்வதே அளவுகோல் என்றும் அது கூறியது.

இந்த அணுகுமுறை நமக்குப் புதியதென்று தோன்றலாம். நடைமுறை வேறு. வீடு வாங்குகிறவர் பத்திர எழுத்தரைக் கேட்டுத்தான் வாங்குகிறார். வரிக்கணக்கு தாக்கல் செய்கிறவர் ஆடிட்டர் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுகிறார். அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் தருகிறவர் மருத்துவமனையில் வேலை பார்க்கும் மைத்துனரைத் தொலைபேசியில் அழைத்து இரண்டு முறை கேட்டுக்கொள்கிறார். இவர்களில் எவரையும் முடிவெடுக்கத் தகுதியற்றவர் என்று சட்டம் சொல்வதில்லை. துணையோடு எடுக்கும் முடிவு தாமே எடுத்த முடிவுதான் என்பதை இவர்கள் விஷயத்தில் நாம் கேட்காமலே ஏற்கிறோம். அறிவுசார் குறைபாடோ மனநோயோ உள்ளவர் அதே துணையை நாடும்போதுதான் அது தகுதியின்மைக்குச் சான்றாகிவிடுகிறது.

2016 சட்டத்தின் உள்முரண்

2016 சட்டத்தின் 13-ஆம் பிரிவு உடன்படிக்கையின் 12-ஆம் உறுப்பைப் பெரிதும் அடியொற்றியது. சொத்து வைத்திருக்கவும், மரபுரிமையாகப் பெறவும், பணவிவகாரங்களைத் தாமே நடத்தவும், வங்கிக் கடன் பெறவும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பிறரோடு சம உரிமை உண்டு என்கிறது. துணையாளர் தகாத செல்வாக்கைச் செலுத்தக் கூடாது; துணை பெறுபவரின் தன்னுரிமையையும் கண்ணியத்தையும் அந்தரங்கத்தையும் மதிக்க வேண்டும். துணை பெறுபவர் எப்போது வேண்டுமானாலும் ஏற்பாட்டை மாற்றலாம், கலைக்கலாம், வேறொருவரை நாடலாம்.

அடுத்து வருவது 14-ஆம் பிரிவு. போதுமான, பொருத்தமான துணை அளிக்கப்பட்ட பிறகும் ஒருவரால் சட்டப்படி செல்லத்தக்க முடிவை எடுக்க முடியவில்லை என்று மாவட்ட நீதிமன்றமோ அறிவிக்கப்பட்ட அதிகார அமைப்போ கண்டால், வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் ஒருவரை நியமிக்கலாம். அவர் அந்நபரைக் கலந்துகொண்டு, அந்நபரின் சார்பில் முடிவெடுப்பார். ஆனால் பிரிவின் விளக்கம், இது பரஸ்பரப் புரிதலும் நம்பிக்கையும் கொண்ட கூட்டு முடிவு முறை என்கிறது. குறிப்பிட்ட காலத்துக்கும் குறிப்பிட்ட முடிவுக்கும் மட்டும் உரியது, அந்நபரின் விருப்பத்தின்படியே இயங்க வேண்டியது என்றும் சொல்கிறது. சார்பில் எடுக்கும் முடிவும் கூட்டாக எடுக்கும் முடிவும் ஒன்றாக முடியாது. போதாக்குறைக்கு, தேவையானால் முழு ஆதரவும் அளிக்கலாம் என்று ஒரு விதிவிலக்கு. அதற்கு மறுஆய்வு உண்டு என்பது மட்டுமே ஆறுதல்.

அறிஞர்கள் பெரும்பாலும் இந்த முரணிலேயே தங்கள் விமர்சனத்தை நிறுத்திக்கொள்கிறார்கள். 2019-இல் இந்தியாவின் அறிக்கையை ஆராய்ந்த உடன்படிக்கைக் குழுவும் பாதுகாவல் முறையைக் கைவிட வேண்டும் என்ற நிலையையே எடுத்தது. ஆனால் 14-ஆம் பிரிவின் முன்நிபந்தனைதான் கூடுதல் கவனத்துக்குரியது. துணை அளிக்கப்பட்டது, அது போதுமானது, பொருத்தமானது, அப்படியும் முடிவெடுக்க இயலவில்லை என்பது மெய்ப்பிக்கப்பட்டால் மட்டுமே பாதுகாவலுக்கு வழி திறக்கும். சட்டத்தை இப்படி வாசித்தால் பாதுகாவல் மிக அரிதாகவே நிகழ வேண்டும். நடப்பில் ஏன் அப்படி இல்லை? துணை அளிக்கப்பட்டதைப் பதிவுசெய்ய ஓர் ஆவணமே இல்லை. யார் துணை நின்றார், எந்த முடிவுக்கு, எத்தனை நாள், எந்த முறையில் விளக்கிச் சொன்னார் என்பதற்கு எந்தப் பதிவும் இல்லாதபோது, முன்நிபந்தனை நிறைவேறியதாகக் கொள்வதைத் தவிர விசாரிக்கும் அமைப்புக்கு வேறு வழி இருப்பதில்லை. வடிவமில்லாத உரிமை, தன்னைக் காக்க எழுதப்பட்ட நிபந்தனையையும் செயலிழக்கச் செய்துவிடுகிறது.

தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் நிலைமை நேர்மாறு. மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி, பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் ஒன்றின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் என மூவர் கொண்ட உள்ளூர் அளவிலான குழு அங்கே உள்ளது. பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு நிலைகளுக்கு இது பொருந்தும். நியமனமான பாதுகாவலர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் தர வேண்டும், ஆண்டுதோறும் கணக்கு ஒப்படைக்க வேண்டும். பிற சட்டங்களின்கீழ் நியமிக்கப்பட்ட எந்தப் பாதுகாவலரும் இனி வரையறுக்கப்பட்ட பாதுகாவலராகவே கருதப்படுவார் என்று 2016 சட்டம் கூறியிருந்தாலும், வங்கி மேலாளர் கையில் வாங்கிப் பார்க்கும் தாள் பழைய தாள்தான். அதைக் கண்டால் அவர் வேலை முடிந்தது. துணையாளராக வந்து உட்காரும் அக்காவிடம் அவர் கேட்டு வாங்க எந்தத் தாளும் கிடையாது.

சார்பதிவாளர் அலுவலகத்தில்

ஒரு நிலைமையை வைத்துப் பார்ப்போம். தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூர். உயில் எழுதாமல் தந்தை இறந்துவிட்டார். தாய் முன்பே இல்லை. ஒரு வீடு, கொஞ்சம் நஞ்சை. வாரிசுகள் இரண்டு மகன்கள், ஒரு மகள். இளைய மகனுக்கு டவுன் நோய்க்குறி. முப்பது வயது. பால் சொசைட்டியில் கேன் கழுவும் வேலை. காசு எண்ணத் தெரியும். பெரிய தொகை குழப்பும். தன் பங்கு தனக்கு வேண்டும், அப்பா கட்டிய வீட்டை விட்டுப் போக மாட்டேன் என்பதை எத்தனை முறை கேட்டாலும் மாற்றாமல் சொல்கிறான். அண்ணன் அவனிடமிருந்து விடுதலைப் பத்திரம் எழுதி வாங்க விரும்புகிறார்.

இப்போதைய சட்டத்தில் முதல் வழி, அண்ணனே பாதுகாவலர் சான்றிதழ் பெற்றுத் தம்பியின் சார்பில் நடவடிக்கை எடுப்பது. பாதுகாவலரின் நலனும் தம்பியின் நலனும் மோதும் இடம் இதுவே என்பது வெளிப்படை. இரண்டாவது, தம்பியை நேரடியாக அலுவலகத்துக்கு அழைத்துச் செல்வது. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 35-ஆம் பிரிவு, ஆவணம் எழுதிக்கொடுப்பவர் மனநிலை பிறழ்ந்தவராகவோ அறிவு வளராதவராகவோ பதிவு அலுவலருக்குத் தோன்றினால் பதிவை மறுக்க வேண்டும் என்கிறது. மருத்துவச் சான்றோ விசாரணையோ தேவையில்லை; தோன்றினால் போதும். விடுதலைப் பத்திரத்தை மறுத்தால் அது தம்பிக்கு நன்மைதானே என்று கேட்கலாம். அதே அலுவலர், தம்பி தன் பங்கைக் கேட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கைநாட்டு வைக்க வந்தாலும் அதே பிரிவைக் காட்டி மறுக்கலாம். பூட்டிய கதவு நல்ல பத்திரம், கெட்ட பத்திரம் என்று பார்ப்பதில்லை.

அதே பதிவுச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு வேறொரு காட்சியைத் தருகிறது. உடல் நலிவால் அலுவலகத்துக்கு வர இயலாதவரின் வீட்டுக்குப் பதிவு அலுவலர் தாமே செல்லலாம், அல்லது ஆணையர் ஒருவரை அனுப்பலாம். படியேற முடியாதவருக்காக அரசு அவர் வாசலுக்கே போக ஆயத்தமாக இருக்கிறது. கூடுதலாக விளக்கிச் சொல்லப்பட வேண்டியவருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க அதே சட்டத்தில் இடமில்லை. 2016 சட்டம் மறுக்கும் பாகுபாடு இப்படி 1908 சட்டத்தின் இரண்டு பிரிவுகளுக்கு நடுவே அப்படியே நிற்கிறது.

மூன்றாவது வழி இன்று நடைமுறையில் இல்லாதது. தம்பி, தனக்குத் துணையாக அக்காவையோ, பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியரையோ குறிப்பிட்டு ஒரு துணை ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறான். அக்கா அந்தச் சொத்தில் பங்குதாரர் என்பதால் இந்தப் பரிமாற்றத்துக்கு ஆசிரியர் துணை. அவர் மனையின் வரைபடத்தைத் தரையில் கோலப்பொடியால் வரைந்து எந்த அறை யாருக்கு என்று காட்டுகிறார். ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்கிறார். தம்பி சொன்னதை இரண்டு முறையும் எழுதி வைக்கிறார். பதிவு அலுவலர் ஒப்பந்தத்தையும் அந்தக் குறிப்பையும் பார்த்து, தம்பியிடம் தாமே இரண்டு கேள்வி கேட்டுப் பதிவு செய்கிறார். இதில் கூடுதல் செலவு ஏதுமில்லை. தேவைப்படுவது, அந்த ஒப்பந்தத்தை ஏற்க அலுவலருக்குச் சட்டக் கடமையும், நல்லெண்ணத்தோடு ஏற்றதற்குப் பின்னால் அவர் குற்றஞ்சாட்டப்பட மாட்டார் என்ற காப்பும்.

1872-இன் இரண்டு பிரிவுகள்

துணை ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டாலும், அறிவுசார் குறைபாடுள்ளவர் செய்த ஒப்பந்தம் செல்லுமா என்ற கேள்வி நிற்கும். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 11-ஆம் பிரிவு, சித்த சுவாதீனம் உள்ளவரே ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவர் என்கிறது. ஒப்பந்தம் செய்யும் வேளையில் அதைப் புரிந்துகொள்ளவும், தம் நலனில் அதன் விளைவைப் பகுத்தறிந்து தீர்மானிக்கவும் முடிந்தவரே அப்படிப்பட்டவர் என்கிறது 12-ஆம் பிரிவு. 1903-இல் மொஹரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில், சிறுவர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்று 11-ஆம் பிரிவை வாசித்தது. அதே தர்க்கம் சித்த சுவாதீனம் இல்லாதவருக்கும் நீட்டப்பட்டது. விளைவு, அவருக்கு நன்மை தரும் ஒப்பந்தமும் செல்லாது.

இதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு, தகாத செல்வாக்கைப் பற்றியது. வயது, நோய், மன அல்லது உடல் துன்பம் காரணமாக ஒருவரின் மனத்திறன் தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ பாதிக்கப்பட்டிருக்கையில் அவரோடு ஒப்பந்தம் செய்கிறவர், அவருடைய விருப்பத்தை அடக்கியாளும் நிலையில் இருப்பதாகக் கருதப்படுவார். ஒப்பந்தம் பார்வைக்கே அநியாயமாக இருந்தால், தகாத செல்வாக்கு இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு வலுவான தரப்பின்மீது விழும். இத்தகைய ஒப்பந்தம் தானாகவே செல்லாததாகிவிடாது. 19-ஏ பிரிவின்படி, அதைத் தள்ளுபடி செய்வதா வேண்டாமா என்பது செல்வாக்குக்கு உட்பட்டவரின் விருப்பம்.

மனத்திறன் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டவர் ஒப்பந்தம் செய்வார் என்பதைச் சட்டமே கணக்கில் எடுத்திருக்கிறது. அவரைக் காக்க அது தேர்ந்த வழி வேறு. 12-ஆம் பிரிவு அவரைச் சந்தைக்குள் விடாமல் நிறுத்துகிறது. 16-ஆம் பிரிவு அவரை உள்ளே விட்டு, அவரோடு பேரம் பேசியவரைக் கேள்வி கேட்கிறது. உடன்படிக்கை கோரும் காப்பு இரண்டாவது வகை. அத்துமீறலைத் தடுக்க வேண்டும், ஆனால் அத்துமீறலுக்கு ஆளானவரின் உரிமையைப் பறித்துத் தடுக்கக் கூடாது.

பிரிவி கவுன்சில் காலத்துத் தீர்ப்புகளில் இதற்கு ஒரு முன்மாதிரியும் உண்டு. பர்தா முறையில் வாழ்ந்த பெண்கள் எழுதிக்கொடுத்த பத்திரங்களை நீதிமன்றங்கள் செல்லாதவை என்று ஒதுக்கவில்லை. பத்திரம் அவருக்குப் படித்துக் காட்டப்பட்டதா, அதன் விளைவு விளக்கப்பட்டதா, பற்றில்லாத ஒருவரின் ஆலோசனை கிடைத்ததா என்று கேட்டன. மெய்ப்பிக்கும் பொறுப்பைப் பத்திரத்தால் பயனடைந்தவர்மீது வைத்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் முதியவர்களுக்கும் பிற்காலத்தில் இது விரிந்தது. பெண்களைப் பேதைகளாகக் கருதிய காலத்தின் கறை இந்தக் கோட்பாட்டில் படிந்திருக்கிறது. ஆயினும் படித்துக் காட்டல், விளக்கல், பற்றற்ற ஆலோசனை என்ற மூன்றும் துணையுடன் முடிவெடுத்தலின் உறுப்புகளே.

உடல்மீதான முடிவு

சொத்தைவிடக் கூர்மையான சோதனை உடலில் நடக்கிறது. 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கில், சண்டிகரின் அரசு இல்லமொன்றில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்ற இளம்பெண்ணின் கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. அவருக்கு லேசான அறிவுசார் குறைபாடு. குழந்தையைப் பெற்றுக்கொள்ள விரும்புவதாக அவர் சொல்லியிருந்தார். உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. கருக்கலைப்புச் சட்டம் வயதுவந்தவர்களில் மனநோயாளிகளுக்கு மட்டுமே பாதுகாவலரின் ஒப்புதலைப் போதுமாக்குகிறது, அறிவுசார் குறைபாடுள்ளவருக்கு அவருடைய ஒப்புதலே தேவை என்பது தீர்ப்பின் அடித்தளம்.

தீர்ப்பு சரியான இடத்தில் முடிந்தது, அடித்தளம் பலவீனமானது. குறைபாடு லேசானது என்பதாலும், மனநோய் என்ற பிரிவில் அது சேராது என்பதாலும் உரிமை காப்பாற்றப்பட்டது. குறைபாடு கடுமையாக இருந்திருந்தால் என்ன செய்வது? 2016 சட்டத்தின் 92-ஆம் பிரிவு இதற்கு விடை தருகிறது, ஆனால் திருப்தியான விடையல்ல. மாற்றுத்திறனாளிப் பெண்ணின் வெளிப்படையான ஒப்புதலின்றிக் கருவைக் கலைப்பது தண்டனைக்குரிய குற்றம். கடுமையான குறைபாடு உள்ளவர் விஷயத்தில் மட்டும் மருத்துவரின் கருத்தும் பாதுகாவலரின் ஒப்புதலும் போதும். துணை மிக அதிகமாகத் தேவைப்படும் இடத்தில் சட்டம் துணையைக் கைவிட்டுப் பாதுகாவலுக்குத் திரும்பிவிடுகிறது.

2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதில் ஒரு படி முன்னே நிற்கிறது. பிறர் கண்ணுக்குத் தவறாகத் தெரியும் முடிவை எடுத்ததாலேயே ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று ஆகாது என்கிறது 4-ஆம் பிரிவு. நோய் முற்றும் வேளையில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தனக்கென ஒரு பிரதிநிதியை நியமிக்கலாம். வெற்றுத்தாளில் எழுதிக் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வைத்தால் போதும். அந்தப் பிரதிநிதி, நோயுற்றவரின் இன்றைய, முந்தைய விருப்பங்களையும் வாழ்க்கை வரலாற்றையும் மதிப்பீடுகளையும் கருத்தில் கொள்ள வேண்டும். முன்கூட்டிய அறிவுறுத்தலைப் பின்பற்றிய மருத்துவருக்கு எதிர்பாரா விளைவுகளுக்கான பொறுப்பிலிருந்து காப்பும் உண்டு. வடிவம், கடமை, காப்பு ஆகிய மூன்றையும் இங்கே ஒன்றாகக் காண்கிறோம். சில மாத இடைவெளியில் இரண்டு சட்டங்களை இயற்றிய அதே நாடாளுமன்றம், மருத்துவமனைக்குத் தந்த தாளை வங்கிக்கும் பதிவு அலுவலகத்துக்கும் தரவில்லை.

இச்சட்டத்துக்கும் வரம்புகள் உள்ளன. அதன் 89-ஆம் பிரிவு, உயர்ந்த அளவு ஆதரவு தேவைப்படுபவரைப் பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில் முப்பது நாள்வரை அனுமதித்து வைக்க இடமளிக்கிறது. 1987-இன் பழைய சட்டத்தில் மனநோயாளியின் சொத்து பற்றி இருந்த விசாரணை முறையை நீக்கிய புதிய சட்டம், அந்த இடத்தில் வேறெதையும் வைக்கவில்லை. கோமா நிலையில் உள்ளவர்களின் குடும்பங்களும் சேர்ந்து உயர் நீதிமன்றங்களில் நீதிப்பேராணை மனுக்களோடு நிற்கின்றன. கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் இதற்கென வழிகாட்டு நெறிகளையே வகுக்க வேண்டியிருந்தது.

மறுப்புகளும் பிற நாட்டு அனுபவமும்

துணை முறைக்கு எதிராகச் சொல்லப்படும் முதல் மறுப்பு, துணையாளரே சுரண்டினால் என்ன செய்வது என்பது. இந்தியாவில் துணையாளர் பெரும்பாலும் குடும்பத்தினர்; குடும்பத்தினரே வாரிசுகளும் பங்குதாரர்களும். 13-ஆம் பிரிவு, நலன் மோதினால் துணையாளர் அந்தப் பரிமாற்றத்திலிருந்து ஒதுங்க வேண்டும் என்கிறது; உறவினர் என்பதாலேயே நலன் மோதுவதாகக் கருதக் கூடாது என்ற விதிவிலக்கையும் உடன் வைக்கிறது. இதைக் காட்டி விதி வலுவிழந்துவிட்டது என்பார்கள். விதிவிலக்கு தடுப்பது உறவை வைத்துச் செய்யும் ஊகத்தை மட்டுமே. அந்தச் சொத்தில் பங்கு உள்ளவர், அந்தச் சொத்து பற்றிய முடிவுக்குத் தனித் துணையாளராக இருக்க முடியாது என்று விதி வகுத்தால் அது உறவின் பேரில் அமைந்ததாகாது, பங்கின் பேரில் அமைந்ததாகும். சுரண்டல் அச்சம் பாதுகாவலுக்கு ஆதரவான வாதமும் ஆகாது. சுரண்ட நினைக்கும் பாதுகாவலர் கையில் தனியாகக் கையெழுத்திடும் அதிகாரமே இருக்கிறது.

குடும்பத்தின் நல்லெண்ணத்தை மட்டும் நம்ப முடியாது என்பதைத் தமிழ்நாடு கசப்பாகக் கற்றது. 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் காப்பகமொன்றில் பற்றிய தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அத்தகைய காப்பகங்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் குடும்பத்தாரால் கொண்டுவந்து விடப்பட்டவர்கள். அவர்களிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்ற விதியும் இல்லை.

இரண்டாவது மறுப்பு, பேசவும் முடியாதவருக்கு எப்படித் துணை நிற்பது என்பது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 1996-இல் இயற்றிய பிரதிநிதித்துவ ஒப்பந்தச் சட்டம் இதற்கு அளவுகோலை மாற்றியது. ஒப்பந்தம் செய்யும் திறன் இல்லாதவரும் ஒரு பிரதிநிதியை நியமிக்கலாம். அவர் விருப்பு வெறுப்புகளைக் காட்டுகிறாரா, பிரதிநிதியோடு அவருக்கு நம்பிக்கையான உறவு இருக்கிறதா என்பவை அங்கே கணக்கில் கொள்ளப்படுகின்றன. பேச்சு வராத மகள் யார் வந்தால் முகம் மலர்கிறாள், யார் கை நீட்டினால் பின்வாங்குகிறாள் என்பதை அறிந்த எந்தத் தாய்க்கும் இந்த அளவுகோல் விளங்கும். குடும்பமே இல்லாதவர்களுக்கு சுவீடன் காட்டும் வழி உதவும். மனநலக் குறைபாடுள்ளவர்களுக்காக அங்கே 2000 முதல் அரசு நிதியோடு இயங்கும் தனிப் பிரதிநிதிகள் முதலில் அந்நபரின் நம்பிக்கையைப் பெறுகிறார்கள். அவர் கேட்டதை மட்டும் செய்கிறார்கள்.

மூன்றாவது மறுப்பு, மூன்றாம் தரப்பினரின் நிலை. வங்கி ஏன் ஆபத்தை ஏற்க வேண்டும்? அமெரிக்காவில் முதன்முதலாக 2015-இல் துணை ஒப்பந்தச் சட்டம் இயற்றிய டெக்சஸ் மாநிலம் இதற்கு விடை கண்டது. இரண்டு சாட்சிகள் முன்னிலையிலோ நோட்டரி முன்னிலையிலோ கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பெற்றவர் அதை ஏற்றே ஆக வேண்டும். நல்லெண்ணத்தோடு ஏற்றவருக்குப் பொறுப்பு வராது. பெரு 2018-லும் கொலம்பியா 2019-லும் வயதுவந்த மாற்றுத்திறனாளிகளின் சட்டத் திறனைப் பறிக்கும் முறையை நீக்கி, நோட்டரி முன்னிலையில் துணையை அமைக்கும் வழியைத் திறந்தன. அயர்லாந்தின் அனுபவம் எச்சரிக்கை. 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கும் புதிய சட்டத்தை 2015-இல் இயற்றிய அந்நாடு, அதை நடைமுறைப்படுத்த 2023 ஏப்ரல்வரை எடுத்துக்கொண்டது. ஒப்பந்தங்களைப் பதிவுசெய்து மேற்பார்வையிடும் அலுவலகம் ஆயத்தமாகாமல் சட்டத்தைத் திறக்க முடியவில்லை.

முடிவுரை

மேலே கண்டவற்றிலிருந்து நான்கு நடவடிக்கைகள் பின்தொடர்கின்றன. முதலாவது, 2016 சட்டத்தின்கீழ் மாநிலங்களுக்குள்ள விதி வகுக்கும் அதிகாரத்தைக் கொண்டு துணை ஒப்பந்தத்துக்கு ஒரு படிவம் வகுக்க வேண்டும். மனநலச் சட்டத்தின் நியமனத் தாளைப் போல அது எளிதாக இருக்க வேண்டும்: வெற்றுத்தாள், ரேகை அல்லது கையெழுத்து, இரண்டு சாட்சிகள், எந்த முடிவுகளுக்குத் துணை, எவற்றுக்கு இல்லை என்ற பட்டியல். 15-ஆம் பிரிவின்படி அமைக்க வேண்டிய அதிகார அமைப்பு அதைப் பதிவு செய்யலாம். இரண்டாவது, உள்ளூர்க் குழுக்களும் நீதிமன்றங்களும் துணை முயற்சியின் எழுத்துப் பதிவு இல்லாமல் பாதுகாவல் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. கொடுக்கும் பாதுகாவலிலும் காலமும் காரியமும் குறிக்கப்பட வேண்டும். மூன்றாவது, பங்குள்ளவர் தனித் துணையாளராவதைத் தடுக்க வேண்டும். நான்காவது, நாடாளுமன்றம் ஒப்பந்தச் சட்டத்தின் 11, 12-ஆம் பிரிவுகளிலிருந்து மாற்றுத்திறனாளிகளை விடுவித்து, அவர்களுக்கான காப்பை 16-ஆம் பிரிவுக்கு மாற்ற வேண்டும்.

இவற்றில் கடைசி ஒன்றுக்குத்தான் தில்லியின் முன்முயற்சிக்குக் காத்திருக்க வேண்டும். பதிவு பொதுப் பட்டியலில் உள்ள பொருள். போலிப் பத்திரங்களைத் தடுக்க 2022-இல் தமிழ்நாடு பதிவுச் சட்டத்தில் 22-பி என்ற பிரிவைச் சேர்த்துக் காட்டியிருக்கிறது. மோசடியிலிருந்து சொத்தைக் காக்க மாநிலம் பயன்படுத்திய அதே அதிகாரத்தால், அலுவலர் பார்வைக்குத் தோன்றியதைக் கொண்டு உரிமை மறுக்கும் 35-ஆம் பிரிவையும் திருத்தலாம். துணை ஒப்பந்தத்தோடு வருபவரின் பத்திரத்தை ஏற்பதை அலுவலரின் கடமையாக்கலாம். பாதுகாவலர் சான்றிதழுக்கு நிகராகச் செல்லுபடியாகும் ஒரு துணைத் தாள் மேசைமேல் வந்த பிறகும் குடும்பங்கள் பாதுகாவலையே தேர்ந்தால், அப்போது மனப்பான்மையைக் குறைகூறலாம். அதுவரை குறை சட்டத்தினுடையது.